மூக்கில் இறங்கிய நல்ல நீர்

இன்று காலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: காமாட்சி, என் மனைவி. செல்வி, எங்கள் மகள். பெள்ளியம்மா, பக்கத்து வீட்டுப் படுகர் அம்மாள். நான். காமாட்சிக்குச் சளி. பெள்ளியம்மா தைல இலை போட்டுக் கொதிக்கவைத்த பானையோடு வந்திருந்தாள். கோத்தகிரியில் பனிக்காலத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் வைத்தியம். நான் பானையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன்.

"ஏங்க, உங்க சிலோன்ல ஆவி பிடிக்க மாட்டாங்களா?" என்றாள் பெள்ளியம்மா.

"பிடிச்சோம்."

"அப்புறம் என்ன?"

தன் வீட்டுப் பானையைக் கேவலமாக நினைக்கிறேன் என்று அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பதுளைப் பக்கம் இருக்கிறவர்களும் என்னைப் போல் இங்கே வந்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்போது நான், காமாட்சி, மகன், செல்வி நான்கு பேரும் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா போக எங்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது. மழையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கிய காமாட்சி, மலைச்சரிவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் விழுந்தாள். நெற்றி கல்லில் மோதியது. காப்பித்தூள் அப்பினோம். காயம் ஆறியது. ஆறிய பிறகு, குனிந்தால் ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர் சொட்டியது. கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். தலையில் நீர் கோர்த்தால் வலி, அது இறங்கினால் சுகம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். "கெட்ட நீரு தம்பி. கப்பல் ஏறுறதுக்குள்ள எல்லாம் எறங்கிரட்டும்" என்றாள் என் அக்கா. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தோம். கம்பளியால் மூடி, இன்னும் இறங்கட்டும் என்று அவள் பிடரியைக் கீழே அழுத்தியது என் கைதான். மூன்று நாள். "விடுங்க, தொண்டையெல்லாம் உப்புக் கரிக்குது" என்றாள். நான் விடவில்லை. நான்காம் நாள் தலைவலியில் அவளால் நிற்க முடியவில்லை. பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சிங்கள டாக்டர் அவளைக் குனியச் சொல்லி, சொட்டிய தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தார். நீல மருந்து விட்டுச் சூடு காட்டினார். நீலம் பச்சையானது. "மே ஹொந்த வத்துர" என்றார். இது நல்ல தண்ணீர். நான் பல்லைக் காட்டினேன். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உதவியாள், பதுளை முஸ்லிம், என் தோளைத் தட்டினார்.

"சிரிக்காதீங்க அண்ணே. கெட்ட நீரு இல்ல, உள்ள இருக்க வேண்டிய நீருன்னு சொல்றாரு. சளியில சீனி இருக்காது, இதுல இருக்கு. மூளை இந்தத் தண்ணியிலதான் மெதக்குது. உள்ளுக்க எலும்பு விரிசல் விட்டிருக்கு. அந்த வழியா கிருமி போனா ஆளு தங்காது."

"நான்தான் குனிய வச்சு எறக்குனேன்" என்றேன்.

"இனி எறக்காதீங்க. தலைய உசத்தி வச்சுப் படுக்கட்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, எழுப்பி எழும்பாட்டியோ கூப்புடுங்க."

அவள் பகலெல்லாம் தூங்கினாள். எனக்குப் பயம். கண் மூடினால் எழுப்பினேன்.

"லயத்துல பொறந்து இன்னிக்குத்தான் பகல்ல படுக்குறேன். விடியக்காலம் வேலைக்குக் கூப்புடுற பெரட்டுக்காரன் கூட இப்புடி எழுப்ப மாட்டான்."

"பேரைச் சொல்லு."

"உங்க பேரா? சொல்ல மாட்டேன். போங்க."

அவள் திட்டும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. ஒன்பதாம் நாள் டாக்டர் மெதுவாகக் குனியச் சொன்னார். கீழே ஒரு தட்டு. டாக்டரும் உதவியாளும் நானும் அதையே பார்த்தோம். ஒன்றும் விழவில்லை.

பல வருடம் கழித்து இங்கே ஒரு சின்ன வயது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அந்தத் தண்ணீரில் ஒரு புரதம் நிறைய உண்டாம், சளியில் அவ்வளவு கிடையாதாம். இப்போது அதைத் தேடிப் பார்த்தே ஒழுகுவது எது என்று சொல்லிவிடுகிறார்களாம். பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார்: புரோஸ்டகிளாண்டின் டி சிந்தேஸ். தூக்கத்தை வரவைக்கும் சரக்கையும் அதுதான் செய்கிறதாம். அன்று அவள் பகலில் தூங்கியது கெட்ட தூக்கமோ என்று கேட்டேன். "காயம் பட்டவங்க அசந்து தூங்குறது சகஜம். நீங்க எழுப்பிப் பாத்ததும் சரிதான்" என்றார். அந்த நீர் தினமும் புதிதாக ஊறுமாம். அப்படியானால் அவள் தலையில் இப்போது இருப்பது கோத்தகிரி நீர். அதைத் தாங்கும் எலும்பு கூடியது பதுளையில்.

அன்று அவளுக்காக எங்கள் கப்பல் தேதியைத் தள்ளித் தந்தார்கள். தலைமன்னாரில், நாட்டை விட்டுப் போனவர்கள் என்று முத்திரை குத்தினார்கள். இந்தியாவில் வந்தவர்கள் என்று குத்த, இடையில் இன்னும் கடல் இருந்தது. ஏணியில் நின்றவர் ஒவ்வொருவராகக் கை நீட்டி எண்ணினார். மகன், செல்வி, நான். கடைசியாகக் காமாட்சி, தலை நிமிர்ந்தபடி.

நான்கு பேர்.