ஜன்னல் வைத்த ஆல்பப் பக்கம்

கல்யாணப் பத்திரிகை யார் கொடுத்தாலும் நான் முதலில் பெயர்களைப் பார்ப்பதில்லை. அதன் மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். போன வாரம் அலுவலகத்தில் ஒரு பெண் நீட்டிய பத்திரிகையை அப்படித் தேய்த்துவிட்டு, "இருநூறு ஜிஎஸ்எம் இருக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. தாளின் கனத்துக்குச் சொல்கிற அளவு அது, நல்ல தாள்தான் என்று விளக்கினேன். விளக்க விளக்க நிலைமை மோசமானது. எவ்வளவு மொய் எழுதலாம் என்று எடை போடுவதாக நினைத்திருப்பாள்.

இந்த விரல் பழக்கம் ஒரு பிரிண்டரைத் தேடி அலைந்த நாட்களில் ஒட்டிக்கொண்டது.

அப்போது பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, கணிப்பொறியில் தட்டச்சு செய்யும் வேலையில் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் அறை எடுத்துத் தங்கியவள். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். இப்போதும் சொல்லிவிட்டேன், பாருங்கள். ஆனால் சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் "வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்டை வேலை செய்கிறதா என்று பார்க்க, சோப்பு உறையில் அச்சடித்திருந்ததை முழுக்க உரக்கப் படித்தேன். தயாரிப்பு முகவரிவரை.

உரக்கப் படிப்பதில் நான் ஒரு காலத்தில் பேர் போனவள். செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முந்திரியையும் மானாவாரிக் கடலையையும் நம்பிப் பிழைக்க முடியாமல், எங்கள் தெருவிலேயே ஏழெட்டு பேர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் எழுதும் கடிதங்களைப் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது எட்டாம் வகுப்பு. "எங்க புள்ள இங்கிலீசு அட்ரசே எழுதும்" என்று அம்மா குழாயடியில் சொல்வது எனக்கும் கேட்கும்படிதான் இருக்கும். படித்துக் காட்டுவதற்கு நான் கேட்ட கூலி உறையில் இருக்கும் தபால்தலை. அதைப் பழைய ரஃப் நோட்டில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவேன், நாலு மூலைக்கும் நாலு பருக்கை. எறும்புகளுக்கும் என் ஆல்பம் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். எப்போதும் உறையில் வைத்து எழுதுகிறவர், ஒரே ஒருமுறை மடித்து ஒட்டுகிற விமானத் தபால் தாளில் எழுதியிருந்தார். அதில் தபால்தலையைத் தனியாக ஒட்டுவதில்லை, தாளிலேயே பூப்படமாக அச்சடித்திருந்தது. புது மாதிரிப் பேனா போல, எழுத்து நீலமாகப் பளபளத்தது. படித்துக் காட்டினேன்.

"ஸ்டாம்ப எடுத்துக்கவாக்கா?"

"எடுத்துக்க புள்ள. எனக்கு எதுக்கு அது?"

பிளேடால் சதுரமாக வெட்டினேன். அச்சடித்த தபால்தலையை வெட்டி எடுக்கவே கூடாது, தாளோடு முழுசாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அதைவிட முக்கியமான ஒன்று அன்று கண்ணிலேயே படவில்லை. அந்தத் தாளின் உள்பக்கம் முழுக்க எழுத்து. நான் பூவை மட்டும் பார்த்து வெட்டினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அக்காவின் கொழுந்தனார் தங்கராசு வீடு கட்ட ஆரம்பித்தார். வாசல் நிலைக்கு அக்கா வீட்டு வேப்பமரம் வேண்டும் என்று கேட்டார். அக்கா முடியாது என்றாள்.

"வேம்பு மேல யாரையும் கைய வைக்க வுடாதன்னு அவரு எழுதியிருக்காரு."

"எந்தக் கடுதாசில? கொண்டாந்து படிக்கச் சொல்லு. எழுதியிருந்தா நான் வாயத் தொறக்கல."

என்னைக் கூப்பிட்டார்கள். தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். தாளைப் பிரித்ததும் ஓட்டை வழியாக என் பாவாடை தெரிந்தது. அந்த இடத்தில் முன்பு என்ன படித்தேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. முதல்முறை படிக்கும்போதே என் மனசு பூப்படத்தில் இருந்தது. ஓட்டையைத் தாண்டி, ஒன்றும் நடக்காததுபோல் படித்துக்கொண்டு போனேன்.

"நிறுத்து" என்றாள் அக்கா. "நடுவுல ஒண்ணு வுட்டுட்ட. ஒடம்பப் பாத்துக்கன்னதுக்குப் பொறவு, ஆட்டுக்குட்டியக் கேட்டதுக்கு முன்னால." தாளை வாங்கிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியாதவள், ஓட்டைக்குள் விரலை விட்டாள். "இங்கதான் இருந்துருக்கும். இங்க என்ன இருந்துச்சு புள்ள?"

'தெரியலக்கா, வெட்டிட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும். பத்துப் பேர் முன்னால் எனக்கு அது வரவில்லை. நான் படிக்கத் தெரிந்தவள்.

"அங்க ஒண்ணும் எழுதலக்கா. வெறும் தாளுதான்."

"படிச்ச புள்ளயே சொல்லிருச்சு" என்றார் தங்கராசு.

மறுநாள் மரத்தை வெட்டினார்கள். அறுத்த வேம்பின் கசப்பு வாசனை எங்கள் வீட்டுச் சோற்றுப்பானைவரை வந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த கடிதம் வந்தபோது தபால்காரரையே வாசலில் நிறுத்திப் படிக்கச் சொன்னாள். அவர் தப்பும் தவறுமாகப் படிப்பது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. கொஞ்ச நாளில் மற்ற வீட்டுக்காரர்களும் அவரிடமே படித்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் விடுப்பில் வந்தார். வேம்பின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று அக்காவிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று கேட்கப் பிடிக்காமல் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த நோட்டு என்னோடு கல்லூரிக்கு வந்தது, பெரம்பலூர் அறைக்கும் வந்தது. வெட்டிய துண்டின் பின்பக்கத்தைப் பார்ப்பது பெரிய வேலையில்லை. நாலு பருக்கைதான், நகத்தால் நெம்பினால் வந்துவிடும். ஏழு வருடமாக நெம்பவில்லை. பார்க்காதவரை நான் பொய் சொன்னவள் இல்லை.

சோப்பு உறையைப் படித்த அதே ஞாயிற்றுக்கிழமைதான் நோட்டைக் கையில் எடுத்தேன். பக்கங்கள் பழுப்பாகி உதிர்ந்துகொண்டிருந்தன. நல்ல ஆல்பம் ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றியது. கடை ஆல்பங்களில் நாடு வாரியாகக் கட்டம் போட்டிருந்தது. என் தபால்தலைகளுக்கு அது பொருந்தாது. என்னுடையது வீடு வாரியாக. ஒவ்வொன்றின் கீழும் யார் வீட்டுக் கடிதம், என்ன சேதி என்று இருக்க வேண்டும். குவைத் தபால்தலைக்குக் கீழே 'மேலத் தெரு, பிள்ளைக்குக் காது குத்துவதைத் தள்ளிப் போடச் சொல்லி.' அப்படி ஒரு ஆல்பத்தை யாரும் விற்கமாட்டார்கள். நானே அச்சடித்தால்தான் உண்டு.

அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணிப்பொறி ஒன்று என்னிடம் இருந்தது. பிரிண்டர்தான் இல்லை. முதலில் அரியலூரில் ஓர் அச்சகத்தில் கனத்த தாள்களை வெட்டி வாங்கினேன். "நூறு ஜிஎஸ்எம் வளையும், இருநூறு நிக்கும். மூலையத் தேச்சுப் பாருங்க, தெரியும்" என்றார் அச்சகக்காரர். அன்று தொடங்கியதுதான் கல்யாணப் பத்திரிகைவரை வந்திருக்கிறது. அந்தத் தாள்களைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி சனிக்கிழமைதோறும் கடைகளுக்குப் போனேன்.

பெரம்பலூரில் முதல் கடை. "என்ன யூசுக்குங்க மேடம்?"

"ஸ்டாம்பு ஒட்டுற பக்கம் அடிக்கணும்."

"ஸ்டாம்ப் சைஸ் போட்டோவா? சூப்பரா வரும்."

அது இல்லை என்று புரியவைத்து, என் தாளை வைத்து அடித்துக் காட்டச் சொன்னேன். அந்தப் பிரிண்டரில் தாள் கீழே தட்டில் படுத்திருக்கும். உருளையைச் சுற்றித் திரும்பி, போன வழியிலேயே வெளியே வரும். என் தாள் உள்ளே போய் மடமடவென்று சத்தம் போட்டு, காய்ந்த ஓலை மாதிரி சுருண்டு வந்தது. "சாதாப் பேப்பர் வைங்க மேடம், எதுக்கு அட்டையெல்லாம்" என்றார். இரண்டாவது கடையில் லேசர் பிரிண்டர். எழுத்து கூராக விழுந்தது, கனத்த தாளில் மட்டும் கோடு பொடியாக உதிர்ந்தது. விலையைக் கேட்டதும் உதிர்ந்தது நல்லதுக்கு என்று தோன்றியது.

மூன்றாவது அரியலூரில். கடையின் மூலையில் துணி மூடிய ஒரு பழைய மாடல். அதில் தாள் முதுகுப்பக்கம் நின்றபடி இறங்கி, அதிகம் வளையாமல் முன்னால் வந்துவிடும். என் பழைய கணிப்பொறியின் பின்னால் இருந்த அகலமான சொருகு அதற்குப் பொருந்தும் என்றும் சொன்னார்கள். சிவப்பும் கறுப்புமாக ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தார் கடைக்காரர். நான் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்பு வழிந்து ரோஸாகியது. கறுப்பு அப்படியே நின்றது.

"எச்சி தொட்டுப் பாக்குற மொத கஸ்டமர் நீங்கதாங்க."

"கறுப்பு இங்க் மட்டும் குடுங்க, போதும்."

"கலர் பிரிண்டர வாங்கிட்டுக் கறுப்பு மட்டுமா அடிப்பீங்க?"

"கலரு ஸ்டாம்புலயே இருக்குங்க."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் வந்தேன். குழந்தை வைத்திருக்கிற பெண்ணுக்கு இடம் விடுவதுபோல் பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் ஒரு சத்தம் இருந்தது. தாளை இழுப்பதற்கு முன் அது ஒரு முனகல் முனகும். "வா, வா" என்று நானும் பேசுவேன். முதல் பக்கம் நேராக, சுருளாமல் வந்து விழுந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினேன். காட்டுவதற்கு அறையில் யாரும் இல்லை.

பக்கம் பக்கமாக முடித்து வந்தேன். எதிர்வீட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். பிறகு தள்ள ஒன்றும் மிச்சமில்லை. கட்டத்தின் அளவு எடுக்கப் பூப்படத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். விளிம்பு இடறியது. காய்ந்த பருக்கைகள் விட்டுக்கொடுத்துவிட்டன. துண்டு மேசையில் குப்புற விழுந்தது. நீல எழுத்து, நேற்று எழுதியது மாதிரி.

'ம்பி கேட்டாலும் வே'

'கைய வைக்க வுடா'

'ம்ம வூட்டு நிலைக்கு'

மூன்று அரை வரிகள். அவ்வளவுதான்.

அந்தத் துண்டைப் பக்கத்தில் ஒட்டவில்லை. கட்டத்தை அச்சடித்து, பிளேடால் அதற்குள் ஜன்னல் மாதிரி வெட்டி, இரண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவில் துண்டை நிறுத்தினேன். முன்னால் பூ தெரியும், திருப்பினால் எழுத்து தெரியும். கீழே என்ன சேதி என்று போடுவது என் வழக்கம். ரொம்ப யோசித்து, 'அஞ்சலை அக்கா வீடு. வெறும் தாள் என்று நான் சொன்ன இடம்' என்று அடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா புதிதாகக் கட்டிய காங்கிரீட் மெத்தை வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நிலை கடையில் வாங்கியது. பக்கத்தில் துணியில் சுற்றிய செல்போன்.

"என்ன புள்ள அது, பத்திரிகையா? ஒனக்குக் கல்யாணமா?"

"இல்லக்கா. அன்னிக்கு நான் வெட்டுன துண்டு."

"கையெல்லாம் கொட்டப் பாலு. நீயே புடிச்சுக் காட்டு."

திருப்பிப் பிடித்து, மூன்று அரை வரிகளையும் படித்தேன். கொட்டை உடைக்கிற சத்தம் நின்றது.

"அதான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆமாக்கா. நான்தான் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா? தங்கராசுக்குத்தான் தெரியாது." மறுபடி ஒரு கொட்டையை எடுத்தாள். உடைக்கவில்லை. "இன்னொரு தடவ படி."

படித்தேன். மிச்சத்தை அவள் கடிதத்தோடு சேர்த்து வைக்கலாம் என்றேன். கூரையைப் பிரித்த வருஷம் பெட்டி நனைந்து எல்லாக் கடிதமும் கூழாகிவிட்டது என்றாள். அப்படியானால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன்.

"நான் வச்சு என்ன பண்றது? ஒங்கிட்டயே இருக்கட்டும். வர்றப்பக் கொண்டாந்து படிச்சுக் காட்டு."

அதன்பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோகிறேன். பிரிண்டர் இப்போது இல்லை. அந்த மாடலுக்கு மை வருவது நின்று, முனகக்கூட முடியாமல் இரண்டு வருடம் மூலையில் கிடந்து, பழைய இரும்போடு போனது. பெரம்பலூர் அறை இருந்த மாடியை இடித்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவது வங்கிக் கடிதத்துக்குத்தான், அதை யாரும் உரக்கப் படிப்பதில்லை. கறுப்பு எழுத்து அன்று அடித்தபடியே இருக்கிறது. ஏழு வருடம் நோட்டின் இருட்டில் நன்றாக இருந்த நீல எழுத்துதான், நான் ஜன்னல் வைத்து வெளிச்சம் காட்டிய பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது.

போன பொங்கலுக்குப் போனபோது வெயிலில் தூக்கிப் பிடித்தும் ஒரு வரி தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் படித்து நிறுத்தினேன்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்ட புள்ள" என்றாள் அக்கா.

"ஆமாக்கா, எனக்குத் தெரியல" என்றேன். "நீங்க சொல்லுங்க."