எந்தப் படையில் பட்ட காயம்?

புளியங்குளத்துக்கு அப்பால் ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன். கச்சான் கடலை, மரமுந்திரிகை, கொஞ்சம் மிளகாய். பண்ணையை நடத்துவது அரசாங்கத்தின் பாதுகாப்புப் பிரிவு ஒன்று. ஆகவே கச்சான் பிடுங்குகிற எனக்கும் சீருடையும் அடையாள அட்டையும் உண்டு. அதற்கு முன்னர் ஆறு வருடம் இயக்கத்தில் இருந்தவள். போர் முடிந்து, புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்தபோது கிடைத்த வேலை இதுதான். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் எதை முதலில் சொல்வதென்று இன்றைக்கும் தடுமாறுவேன்.

கடைசிச் சண்டையில் என் வலது தோளுக்குள் செல் குண்டின் இரண்டு துண்டுகள் போயின. எடுக்க அப்போது வழியில்லை. பல வருடம் அவை சும்மா கிடந்தன. போன அறுவடையில் கை மேலே எழும்ப மறுத்துவிட்டது. தலை வாரக்கூட முடியவில்லை.

பண்ணைப் பொறுப்பாளர் தெற்கிலிருந்து வந்த பழைய ராணுவக்காரர். கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"தங்கச்சி, கை என்ன?"

"பழைய காயம், சேர். உள்ளுக்கு இரும்பு கிடக்கு."

"நீ எங்கட ஆள்தானே? எங்கட ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கடிதம் தாறன்."

படிவம் சிங்களத்தில் இருந்தது. அவரே கேட்டுக் கேட்டு நிரப்பினார். காயம் எங்கே பட்டது என்ற இடத்துக்கு வந்தபோது, "முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையில" என்றேன். பேனை நின்றது.

"அந்தக் கடைசி நாளிலயா?"

"ஓம், சேர்."

"நானும் அங்கதான் இருந்தது" என்றார். பிறகு குனிந்து ஏதோ எழுதி முத்திரை குத்தினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் செல்லை அடித்தது இவருடைய ஆட்களா என்று ஒரு கணம் மனதில் ஓடியது. முன்னால் நின்றவரோ என் கை சுகப்பட வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிற மனிதர். அவரில் கோபப்படுவதா, நன்றி சொல்வதா? "போயிட்டு வாறன், சேர்" என்று மட்டும் சொன்னேன்.

வவுனியாவில் ராணுவ ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பயிற்சியில் முழங்கால் முறிந்த ராணுவப் பெண்பிள்ளை ஒருத்தி. பண்ணையில் பழகிய சிங்களம் எனக்கு ஓரளவு வரும். செல் துண்டு எடுத்ததாகத் தாதி சொன்னதைக் கேட்டவள், என் தோளில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "அக்கா எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்டாள்.

பண்ணை என்றேன்.

"பண்ணையிலா செல் விழுந்தது?"

சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை. "நான் மற்றப் பக்கம் இருந்தேன்" என்றேன்.

அவள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளால்தான் நடக்க முடியாதே. பிறகு என் பக்கம் தலையைத் திருப்பி, "அப்போ உங்களைப் போல ஆக்களை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டாள். என்னைப் போருக்கு அனுப்பியவர்கள் இன்றைக்கு இல்லை. என்னைச் சுட்டவர்களின் கட்டிலில் படுத்திருக்கிறேன்.

என் அக்கா ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. அவவின் மகன் அந்தக் கடற்கரையில்தான் காணாமல் போனவன். இன்னமும் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம், பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு உட்காருகிறா. போனில், "அவங்கட கட்டில்ல எப்படியடி படுத்தனீ?" என்று கேட்டுவிட்டு அழுதா.

வீட்டுக்கு வந்தபின் காயத்துக்கு மருந்து கட்டியதும் அவதான். பஞ்சை மெதுவாக வைத்து ஒத்தினா. எனக்கு வலித்தால் அவ முகம் சுருங்கியது.

ஒரு துண்டைத்தான் எடுத்தார்கள். மற்றது நெஞ்சறைக்குக் கிட்ட இருப்பதால் தொடமுடியாதாம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டச் சொன்னார்கள். கை இப்போது தோளுக்கு மேலே போகிறது. வேலைக்கும் போகிறேன். அடுத்த தவணை கிட்ட வந்துவிட்டது.

நேற்று அரிசி கழுவியபடியே அக்கா கேட்டா: "திரும்பவும் அங்க போகப் போறியோ?"

"தெரியேல்லை, அக்கா" என்றேன்.

"போ" என்றா. அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு, "எனக்கும் தெரியேல்லை" என்றா.