செவன் ஹில்ஸ் ஸ்கோரர்

எழுபதுகளில், செவன் ஹில்ஸ் என்ற வெளிநாட்டுப் புறநகரில், எங்கள் தொழிற்சாலையின் பேஸ்போல் அணிக்கு ஸ்கோர் எழுதியவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். மட்டையைத் தொட்டதே இல்லை. மைதானத்துக்கும் டை கட்டிக்கொண்டுதான் வருவார். நாங்கள் கூச்சலிடும்போது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்.

மட்டையாளன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் ஆட்டமிழந்து, ஓடுபவனை அடுத்த தளத்துக்கு நகர்த்துவது எங்கள் பயிற்சியாளருக்குப் பிடித்த தந்திரம். அதனால் ஓட்டங்கள் குறைகின்றன என்று இவர் தான் ஸ்கோர் எழுதிய இரண்டு வருடக் கொப்பிகளைக் காட்டி அவரை நச்சரித்தார். இறுதி ஆட்டத்தின் நெருக்கடியில் பயிற்சியாளர் ஒருவழியாக இணங்கி, ஓங்கி அடிக்கச் சொன்னார். பந்து நேரே எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. அவன் எறிந்ததில் ஓடியவனும் ஆட்டமிழந்தான். தோற்றோம்.

“அண்ணை, உங்கட கணக்கு எங்களைக் கவிட்டுப்போட்டுது,” என்றேன்.

“கூடுதலாச் சரிவரும் எண்டுதான் சொன்னனான், தம்பி. எப்பவும் சரிவரும் எண்டு சொல்லேல்ல,” என்றார், எழுதுவதை நிறுத்தாமல்.

பிறகு எழுந்துபோய், தலைகுனிந்திருந்த மட்டையாளனிடம் ஆங்கிலத்தில், “நீ அடித்தது சரி. பந்து விழுந்த இடம்தான் பிழை,” என்றார். அவன் சிரித்துவிட்டான். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

ஆனால் அடுத்த பருவத்தில் அதே நிலைமை வந்தபோது, பயிற்சியாளர் தானாகவே அடிக்கச் சொன்னார். அன்றும் பிடி கொடுத்து ஆட்டமிழந்தோம். இவர் முகம் சுளிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். இவருடைய அந்த உறுதியைப் பிடிவாதம் என்பதா, நம்பிக்கை என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.