ஐந்தாவது வரிசையில் தலைகீழ்ப் பூ

என் தங்கைக்கு எங்கள் குடும்பத்தில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். அறுபத்திரண்டு வயதாகிறது, இன்னமும் ஓட்டமும் நடையும்தான். முப்பத்தொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்தவள். சுற்றியுள்ள நான்கு தெருக்களில் எங்கே சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். போனதும் அவள் தேடுவது ஒன்றைத்தான்: அந்த வீட்டுக்காரம்மாவின் மூக்குக்கண்ணாடி. அழுகிறவர்கள் அதைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுகிறார்கள், அப்புறம் வருகிறவர்கள் முகம் தெரியாமல் திண்டாடுகிறார்கள் என்பாள். தேடியெடுத்து, துடைத்து, கையில் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

அவளுடைய ஒரே ஒரு நாளை இங்கே எழுதி வைக்கிறேன். போன மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக்கொண்டு வருவது ஏற்பாடு. இந்த முறை தங்கை வீடு, பதினேழு பேர், மதியம் ஒரு மணி. நாற்காலி எடுத்துப் போட உதவலாம் என்று காலை ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். போனால், படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஏழு இருபதுக்கு மெயின் வால்வை மூடினோம். ஏழரைக்கு போன் வந்தது. மூன்றாவது தெருக் கொத்தனார் இறந்துவிட்டாராம். பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்களாம்.

அந்தக் குளியலறையைக் கட்டியவரே அவர்தான். தங்கையின் கணவர் பஸ் டிரைவர். கொத்தனாருக்கு உயிர் நண்பர். லீவு நாட்களில் அவருக்குக் கையாளாக நின்று வேலை பழகியவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வடக்குச் சுவர் முழுவதற்கும் மாப்பிள்ளை தன் கையாலேயே டைல்ஸ் ஒட்டினார். வெள்ளை டைல்ஸ், ஒவ்வொன்றிலும் காம்போடு ஒரு நீலப் பூ. அதில் ஒன்றை மட்டும் தலைகீழாக ஒட்டிவிட்டார். "ஏன் அத்தான், அது ரிவர்ஸ் கியர்ல ஒட்டினதா?" என்று என் தம்பி வருடா வருடம் கேட்பான். எல்லோரும் சிரிப்போம்; அவரும் சிரிப்பார். நான் தனியாகக் கேட்டபோது, "தெரிஞ்சுதான் வச்சேன் மச்சான்" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். அந்தச் சுவரை மட்டும் தங்கைதான் துடைப்பாள்.

எட்டு நாற்பதுக்கு பிளம்பர் வந்தார். ஈரம் கீழே இறங்கிப் பரவியிருக்கிறது, அதை வைத்து ஓட்டை எங்கே என்று சொல்ல முடியாது, பைப் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும் என்றார். குடும்ப விஷயங்களை வருடத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம்; என் வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சுவர் கட்டிய வருடத்து நோட்டை எடுத்து வந்தேன். வடக்குச் சுவர், டைல்ஸ் தொண்ணூறு, பிழை ஒன்று. ஐந்தாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது. எல்லாம் இருந்தது. பைப் மட்டும் இல்லை. அதைப் பதித்த இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை.

"பெரியவரே, பூவையெல்லாம் எண்ணியிருக்கீங்க, பைப்பை விட்டுட்டீங்களே" என்றார் பிளம்பர். பிறகு சுவரைப் பார்த்து, இதை ஒட்டினவர் தூங்கிக்கொண்டே ஒட்டினாரா என்றும் கேட்டார்.

ஜாயின்ட் எங்கே என்று தெரியாததால் மூலையிலிருந்து உடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான் என்று முடிவானது. அதிர்ஷ்டம் இருந்தால் பாதிச் சுவர். இல்லாவிட்டால் முழுச் சுவர். உடைக்காமல் வழியே இல்லையா என்று அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை பிளம்பர் தலையை மட்டும் ஆட்டினார். பதினேழு பேர் வருகிற வீட்டில் தண்ணீர் இல்லாமல் எப்படி?

"சரி, உடைச்சுக்கோ. ஆனா நான் வந்தப்புறம் உடை. பன்னிரண்டுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

சாவு வீட்டில் நல்ல கூட்டம். கொத்தனாரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்து, குனிகிறவர்களின் கையை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை நேராக உள்ளே போனாள். அலமாரி, ஜன்னல், மருந்து டப்பா என்று தேடி, கடைசியில் தலையணை உறைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்தாள். துடைத்து, தானே அவருக்கு மாட்டிவிட்டாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் ஆள் தெரிந்தது.

"நீயாம்மா? உன் வீட்டு பாத்ரூம்ல அந்தப் பூ இன்னும் தலைகீழாத்தான் இருக்கா?"

இருக்கிறது என்றாள் தங்கை.

அழுகைக்கு நடுவே அந்த அம்மாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. கொத்தனாருக்கு அப்படி ஒரு பழக்கமாம். சுவருக்குள் ஜாயின்ட் வரும் இடத்தில் ஒரு டைல்ஸைத் தலைகீழாக வைப்பாராம். அதற்கு மட்டும் ஓரத்தில் தொட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் சிமென்ட். பிற்காலத்தில் ரிப்பேர் என்றால் சுவரைத் தொடாமல் அதை மட்டும் பெயர்த்துவிடலாம்.

"உன் வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிட்டு வந்து இங்க உக்காந்து சிரிப்பாரு. சொல்லிடேன்யான்னு இவர் சொன்னா, ரிப்பேர் வர்ற அன்னைக்குச் சொல்லிக்கறேன், அதுவரைக்கும் சிரிக்கட்டும்பாரு."

மணி பதினொன்று ஐம்பது. நான் பிளம்பருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. தங்கை அந்த அம்மாவின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய முதுகைத்தான் நான் பார்த்தேன். தெரு திரும்பியதும் அதுவும் தெரியவில்லை.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஏழு. கீழ் மூலையில் இரண்டு டைல்ஸ் நொறுங்கிக் கிடந்தன. பிளம்பர் கையில் சுத்தியல். அவருக்கும் சுவருக்கும் நடுவில் தங்கை.

"நீங்க பார்க்க வேண்டாம்னுதாங்க்கா முன்னாடியே ஆரம்பிச்சேன்" என்றார் அவர். கோபித்துக்கொள்ள வழியில்லை.

அவள் அந்தப் பூவைக் காட்டினாள். பிளம்பர் விரலால் தட்டிப் பார்த்தார்; மற்றதெல்லாம் கெட்டியாக ஒலிக்க, அது மட்டும் டொக்கென்றது. பட்டைத் தகட்டை ஓரத்தில் செருகி நான்கு பக்கமும் மெதுவாக நெம்பினார். டப்பா மூடி போல முழுசாகக் கையில் வந்தது. உள்ளே ஜாயின்ட், பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக. பக்கத்தில், கம்பியால் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு புது வாஷர்.

பிளம்பர் அவற்றை வளைத்துப் பார்த்தார். ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டது, இனி உதவாது என்றார். தன் பையிலிருந்து வேறு எடுத்துப் போட்டார். தங்கை உள்ளங்கையை நீட்டி, அந்த இரண்டையும் வாங்கி மூடிக்கொண்டாள். "எனக்குன்னு எடுத்து வச்சிருக்காரு பாருண்ணே" என்றாள்.

டைல்ஸைத் திரும்பப் பதிக்கும்போது பிளம்பர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிக்கா வைக்கட்டும்?"

"இருந்த மாதிரியே வைப்பா. ஓரத்துல மட்டும் சிமென்ட்."

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தண்ணீர் வந்தது. ஒன்று பத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்த தம்பி, "அக்கா, அத்தான் இன்னும் ரிவர்ஸ் கியர்லயேதான் இருக்காரா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தான். தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்வதற்கென்று வைத்திருந்ததை அவருக்குப் பதிலாகச் சொன்னாள். தம்பி தட்டோடு எழுந்து குளியலறைக்குப் போனவன், வெகுநேரம் வரவில்லை. வந்து உட்கார்ந்து, "பதினாறு வருஷம் என்னைச் சிரிக்க விட்டு வேடிக்கை பார்த்திருக்காரு" என்று மட்டும் சொன்னான்.

அந்த வருடத்து நோட்டில் 'பிழை ஒன்று' என்பதை அடித்து, 'பிழை இல்லை' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன். கீழ் மூலையில் இரண்டு டைல்ஸ் குறைவு என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பியதும், தங்கை ஒரு பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டாள். மூன்றாவது தெருவுக்கு என்றாள். இன்றைக்கு ஓடின ஓட்டம் போதாதா, நாளைக்குப் போகலாமே என்றேன்.

"அது திறந்துச்சுன்னு அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லணும்ணே" என்று வாசலில் செருப்பை மாட்டினாள். "அதோட, இந்நேரம் கண்ணாடியை மறுபடியும் எங்கேயாவது வச்சிருப்பாங்க."