புது டிவியும் பழைய ஹெட்போனும்

போன வருஷம் கோடைமழையில் எங்கள் வீட்டு டிவி செத்துப்போனது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் ஊர். இடி விழுந்தது எங்கேயோ ஒரு புளியமரத்தில். புகை வந்தது எங்கள் வீட்டில். பின்பக்கம் பானை மாதிரி புடைத்திருக்கும் அந்தக் காலத்து டிவி அது. யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. ரொம்ப நாளாகவே அதில் எல்லோர் முகமும் பச்சையாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் சாமை அரைக்கும் மில் வைத்திருக்கிறார். மிஷின் ஓடும்போது அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. வருகிறவர்கள் மூட்டையைக் காட்டி, தவிடு வேண்டும், நொய் வேண்டாம் என்று கையால் சொல்வார்கள். இவர் தலையாட்டுவார். வேலை நடந்துவிடும். அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து இவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனால் மில்லுக்கு வெளியிலும் அதே மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்ததால் ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அதற்குப் பதில், "எதுக்கும் மறுத்துப் பேசாத மனுசன்" என்று நல்ல பெயர் கிடைத்தது. காதில் விழுந்தால்தானே மறுத்துப் பேசுவதற்கு! ஒரு தடவை கோயில் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வந்தார். ஊருக்கே கூழ் ஊற்றும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று மறுநாள் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அரசாங்க மருத்துவ முகாமில் காதுக்குக் கருவி கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனால் மிஷின் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. "செவுடன்னு ஒரு வாட்டி பேரு வெச்சாங்கன்னா அதான் பேரு. பொணத்தத் தூக்கும்போதும் அதையே சொல்லுவாங்க" என்பார். எங்கள் பக்கம் பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. யாராவது இவரிடம் ஏதாவது கேட்டால், முந்திக்கொண்டு நானே பதில் சொல்லிவிடுவேன். எனக்கு வாயாடி என்று பெயர் வந்தது இப்படித்தான்.

டிவி பார்ப்பதற்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார். பாட்டு கேட்க வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் உண்டு. டிவியிலிருந்து சிவப்பு, வெள்ளை ஒயரை அதில் சொருகி, அதிலிருந்து ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொள்வார். கேட்டால் "இதுல சத்தம் நல்லா இக்குது" என்பார். சாயங்காலம் கபடி ஆட்டம் வந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் எங்கள் வீட்டில்தான். இவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, யார் கோட்டைத் தொட்டான், யார் தொடவில்லை என்று நடுவருக்கு முன்னால் தீர்ப்புச் சொல்வார். நாள் முழுக்க வாய் திறக்காத மனிதர் அந்த ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

புது டிவி வாங்கத் திருப்பத்தூருக்கு இறங்கினோம். கடைக்குள் போனால் சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்துகிறது. ஒன்றில் மீன் ஆரஞ்சு, பக்கத்தில் இருப்பதில் சிவப்பு. எது நிஜ நிறம் என்று பார்க்க நான் ஒவ்வொன்றாக நின்று நின்று போனேன். கடைக்காரத் தம்பி, வழக்கம்போல் வீட்டு ஆம்பளையிடம்தான் பேச வேண்டும் என்று இவர் பக்கத்தில் நின்று என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். இவர் தலையாட்டினார். எனக்குப் பிடித்த ஆரஞ்சு மீன் டிவியை ஜீப்பில் புளி மூட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்து, வளைவுக்கு வளைவு நான் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையேற்றினேன்.

வீட்டில் மாட்டினதும் ஊரே வந்தது. படம் கண்ணாடி மாதிரி. எல்லோர் முகமும் மனித நிறத்தில் இருந்தது. இவர் ஆம்ப்ளிஃபயர் ஒயரை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனார். போனவர் வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் சிவப்பும் வெள்ளையும் பிடித்தபடி நிற்கிறார். அதைச் சொருக அந்த டிவியில் இடமே இல்லை. ஹெட்போன் மாட்டவும் வழியில்லை. என்னென்னவோ தட்டையான ஓட்டைகள், எதற்கும் எங்கள் ஒயர் சேரவில்லை.

ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காமெடி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவர் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சிரித்தார். மறுநாள் கபடி. எல்லோரும் வந்துவிட்டார்கள், இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று எழுந்து போனார். அதற்கடுத்த நாள் மில்லிலேயே இருந்துவிட்டார். "மாமா எங்க? அவரு இல்லாம ஆட்டமே சப்புனு கீது" என்று கேட்டவர்களுக்கு நான் ஏதேதோ பதில் சொன்னேன். வீட்டுக்கு இவ்வளவு பெரிய டிவி வந்து, வீட்டு மனிதர் வெளியே போய்விட்டாரே என்றிருந்தது. இப்படியே விட்டால் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுவார் என்று பயமாகவும் இருந்தது.

ஒரு நாள் காலையில் ஆம்ப்ளிஃபயரையும் ஹெட்போனையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "எங்க?" என்றார். "கடைக்கு. நீங்களும் வர்றீங்க" என்றேன். முகத்துக்கு நேராகச் சொன்னதால் தப்பிக்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபயர் கனமாக இருக்கிறதே என்று ஜீப் ஓட்டும் தம்பி கடை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கேதான் எனக்குச் சங்கடம். அவரிடம் ஒரு செய்தி போனால், ஜீப் நிற்கிற ஊரிலெல்லாம் அது இறங்கும்.

கடைக்காரத் தம்பி எங்களைப் பார்த்ததும், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார், பழைய ஒயர் இதுல சேராது, ஒரு சின்ன டப்பா போட்டா சேரும்னு. வேணுமான்னு கேட்டேன், தலையாட்டினீங்க. சரி, வேணாமான்னு கேட்டேன், அதுக்கும் தலையாட்டினீங்க. நான் இன்னாதான் பண்றது?" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீப் தம்பியும் சிரித்தார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் தெரிந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, "அன்னிக்குக் கடையில கூட்டம் தம்பி, சத்தம்..." என்று ஆரம்பித்தேன். இவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நீ சும்மா இரு" என்றார். அப்புறம் கடைக்காரரைப் பார்த்து, "எனுக்குக் காது சரியா கேக்காதுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது ஒண்ணும் உள்ள போகல. இப்ப சொன்னதும் போகல. கொஞ்சம் நேரா நின்னு சொல்லுங்க, புரிஞ்சிக்கிறேன்" என்றார்.

நான் ஜீப் தம்பியைப் பார்க்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை இல்லை அது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை, இவர் ஒருவரே நடுக்கடையில் இறக்கி வைத்துவிட்டார்.

கடைக்காரத் தம்பி சிரிப்பை விட்டுவிட்டு இவருக்கு எதிரே வந்து நின்றார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்றை எடுத்தார். அதன் ஒரு பக்கம் டிவியில் சேரும் மெல்லிய ஒயர். இன்னொரு பக்கம், எங்கள் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடம். ஒவ்வொன்றையும் கையில் காட்டி நிதானமாகச் சொன்னார். சுவரில் இருந்த டிவி ஒன்றில் அதை மாட்டி, எங்கள் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்து ஒயரைச் சொருகினார். முதலில் ஒன்றும் வரவில்லை. டிவிக்குள் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும் என்று ரிமோட்டைத் தட்டினார். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த மீனையே பார்த்தபடி நின்றார்.

திடீரென்று, "வருது! தண்ணி சத்தம்கூட வருது!" என்று கத்தினார். காதை அடைத்திருப்பவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது தெரியாதல்லவா, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இந்தத் தடவையும் கடை சிரித்தது. இவரும் சேர்ந்து, அதே நேரத்தில் சிரித்தார்.

திரும்பும்போது இவர் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி மலையில் ஜீப் தம்பி வண்டியை ஓரம் கட்டி, இவர் பக்கம் முழுசாகத் திரும்பி, "மாமா, போன வருசம் எம் பொண்ணு காதுகுத்துக்கு உன்ன வெத்தல வெச்சி கூப்ட்டேன். தலையாட்டினு வராம இருந்துட்டியே, நான் எத்தினி நாள் கோவமா இருந்தேன் தெரியுமா?" என்றார்.

"கூப்ட்டியா? வெத்தல குடுத்த, வாங்கிப் போட்டுக்கினேன்" என்றார் இவர். ஜீப் தம்பி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

எதிர்பார்த்த மாதிரியே, நாங்கள் ஜீப்பிலிருந்து இறங்கி வீடு சேருவதற்குள் செய்தி ஊரெல்லாம் சேர்ந்துவிட்டது. பட்டப்பெயரும் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது மில்லுக்கு வருகிறவர்கள் தோளைத் தட்டி, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். கோயில் கூட்டத்தில் பேசுகிறவருக்கு எதிரே உட்கார வைக்கிறார்கள். போன கூட்டத்தில், "அது சரிப்படாது" என்று முதல் முறையாக மறுத்துப் பேசி, ஊரையே அசர வைத்தார். கபடி ஆட்டத்தின்போது ஹெட்போனோடு அவர் கத்துகிற கத்தலில் மற்ற எல்லோருக்கும்தான் காது வலிக்கிறது.

நான் காப்பாற்றிக்கொடுத்ததாக நினைத்த மானத்தைவிட, அவர் அன்றைக்குக் கடையில் தானாகவே சொன்ன அந்த நான்கு வார்த்தைதான் அவரை ஊரோடு சேர்த்தது. அதனால் இப்போதெல்லாம் அவரிடம் யாராவது ஒன்று கேட்டால், எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.