முப்பத்திரண்டு மஞ்சள் தொப்பிகள்

‘தலையெண்ணி’ என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் தங்கை தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்த அன்றுதான்.

“மாப்பிள்ளைக்கு என்னடி வேலை?” என்றேன்.

“சுற்றுலா பஸ்ல வர்றவங்களுக்கு ஊர் சுத்திக் காட்டறாருக்கா. ஏறும்போதெல்லாம் தலை எண்ணுவாராம், அதான் ‘தலையெண்ணி’ன்னு பட்டப்பேராம்.”

“நம்ம வீட்டுக்கு வந்தா எண்ணி முடிக்கவே ஒரு நாளாகுமே!”

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாப்பிள்ளை என்னையும் ஒருநாள் பேருந்தில் ஏற்றிக்கொண்டார். அருவி, குரங்குத் தோப்பு, கடைசியாகக் கலங்கரை விளக்கம். அது கடலுக்குள் ஒரு பாறைமேல் நிற்கிறது. நீர் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம்; அன்றைக்கு மூன்று மணிக்குமேல் கடல் ஏறி வழியை மூடிவிடும். கூட்டத்தில் தம் ஆட்கள் தெரியவேண்டுமென்று முப்பத்திரண்டு பேருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார். அவர் எண்ணுவது தொப்பியைத்தான், முகத்தையல்ல.

திரும்பும்போதும் எண்ணினார். முப்பத்திரண்டு. வண்டி கிளம்பிவிட்டது. மாமியார் பின்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துத் தூங்கிப்போன ஒரு பெண், மூன்று மைல் தாண்டி விழித்து, “ஐயோ, எங்க அத்தையைக் காணோம்!” என்று கத்தினாள். மறுபடி எண்ணினார். முப்பத்திரண்டேதான். கடைசி இருக்கையில் குறட்டை விட்டவரை எழுப்பினால், அவர் அதே கம்பெனியின் இன்னொரு பேருந்தில் வந்தவர். வண்டி மாறி ஏறியிருக்கிறார். தொப்பியும் அதே மஞ்சள்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்து, “பெரியத்தை, தண்ணி ஏறியிருக்குமே... நடு வழியில மாட்டியிருந்தா?”

வண்டியைத் திருப்பினார்கள். மணல்வழி இருந்த இடத்தில் அலைதான் அடித்தது. கரையில் நின்ற படகில், போட்ட செருப்போடு மாப்பிள்ளை தாவி ஏறினார். நாங்கள் கரையில் நின்று பாறையையே பார்த்தோம். பாறைமேல் ஒரு மஞ்சள் தொப்பி ஆடியது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

படகை விட்டு இறங்கிய அந்த அம்மா மருமகளைப் பார்த்து, “ஏண்டி, என்னைக் கடல்ல விட்டுட்டு நல்லாத் தூங்கினியா?” என்று சிரித்தார். மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“நீ ஏம்பா அழற? மேல காத்து நல்லாருந்துச்சு, நான்தான் கண்ணசந்துட்டேன். காவல்காரர் டீ கூடக் குடுத்தாரு.”

அன்றோடு மாப்பிள்ளை தலை எண்ணுவதை விட்டார். “பக்கத்துல இருந்தவங்க வந்தாச்சா?” என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்ட பிறகுதான் வண்டி நகரும். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

இப்போதும் அதே பேருந்தில், ஏறுகிற ஒவ்வொரு முகமும் தெரிகிற முன்வாசல் பக்கத்து ஒற்றை இருக்கையில்தான் இருக்கிறார்.