கரப்பொத்தான் மருந்து

தங்கச்சி அம்மாவின் வயிற்றில் இருந்த அந்தக் குளிர்காலத்தில், எங்கள் வீட்டில் எங்களைவிடக் கரப்பொத்தான் பூச்சிகள்தான் சௌகரியமாக வாழ்ந்தன. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவுக்குப் பின்னால், ஒற்றை அறை வீடு. சமைக்கும் குசினியும் அதற்குள்தான். பிள்ளை வரமுதல் வீட்டைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

கடையில் விற்கும் மருந்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதில் பூவாசம் வந்தது. வன்னியில் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடித்து வளர்ந்தவர் அவர். மூக்கைப் பிய்க்காத மருந்து மருந்தே இல்லை என்பது அவர் கட்சி. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்து நடைபாதையில் விற்றவனிடம் பெயரே ஒட்டாத ஒரு போத்தலை வாங்கிவந்தார். ஞாயிறுதோறும் முகத்தில் சாரத் துணியைச் சுற்றிக்கொண்டு மூலைமூலையாக அடிப்பார். குளிர் என்று யன்னல் திறப்பதில்லை. கரப்பொத்தான்கள் மல்லாந்து விழுந்து கால்களை உதறுவதை நான் குப்புறக் கிடந்து பார்ப்பேன். எந்தக் கால் கடைசியாக ஓயும் என்பதுதான் என் ஆராய்ச்சி. அம்மா தலையிடி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்த பிரெஞ்சு மருத்துவிச்சி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். என்ன மணம் இது என்று கேட்டாள். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர், பாலர் வகுப்பில் படித்த நான்தான். ஓடிப்போய்ப் போத்தலையே தூக்கிவந்து காட்டினேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் யன்னலைத் திறந்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் இருந்து அவள் மெதுவாகச் சொன்னதைக் கிளிப்பிள்ளைமாதிரி ஒப்பித்தேன்.

"வயித்துக்குள்ளை பிள்ளையின்ரை மூளை வளருற நேரமாம். இந்த மருந்துக் காத்தை நீங்கள் சுவாசிக்கக் கூடாதாம்."

"பிள்ளைக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு கேள்," என்றார் அம்மா.

கேட்டேன். "ஒண்டும் இல்லாமலும் இருக்கலாமாம். பிறந்து வளர வளரத்தானாம் தெரியும்."

அம்மா அழுதார். பின்னேரம் அப்பா வந்ததும், ஒரு சொல் விடாமல் அவருக்கும் ஒப்பித்தேன். "நான் பிள்ளைக்காகத்தானே அடிச்சனான்," என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தங்கச்சி கொழுகொழுவென்று பிறந்தாள். அப்பாதான் வேறு மனிதராகிவிட்டார். உணவகத்தில் கோப்பை கழுவிய களைப்போடு வந்து, அவள் தலைக்குப் பின்னால் கை தட்டுவார். அவள் திரும்பினால் மறுபக்கம் தட்டுவார். கரண்டியைத் துணிக்குள் ஒளித்துத் தேடவிடுவார். பேச்சு வந்ததும், மூக்கு எங்கை, காது எங்கை. அதற்குப் பிறகு அ, ஆ. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என்னோடு அவர் ஒருநாளும் இப்படி விளையாடியதில்லை.

அவளுக்கு நாலு வயதிருக்கும். ஒருநாள் காலை அப்பாவும் தங்கச்சியும் நானுமாக இடியப்பம் வாங்கப் போனோம். கடைக் கண்ணாடியில், கையால் எழுதிய மட்டை ஒன்று தொங்கியது. தங்கச்சி அண்ணாந்து நின்று, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"இடி... யப்பம். முடிந்... தது."

அப்பா பையைக் கீழே வைத்தார். கடைப்படியிலேயே குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். போவோர் வருவோர் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளர்ந்த மனிதருக்கு இடியப்பத்தில் இவ்வளவு ஆசையா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"அழாதேங்கோ அப்பா," என்று அவர் தோளைத் தட்டினேன். "புட்டு இருக்கும்."